ஓட்வார் கையெழுத்திட்ட கடல்

ஓட்வார் சிவகாசிக்கு வந்த ஒன்பதாவது நாள், நான்காம் ஃபாரத்தின் ஷீட்டை ஏழாவது முறையாகத் திருப்பித் தள்ளினார்.

“இது என் கடல் இல்லை” என்றார்.

மாரிக்கண்ணன் அச்சு மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்தபடி ஹஸ்னாவைப் பார்த்தார். “என்ன பாப்பா சொல்றாரு?”

“இன்னும் நீலம் வேணுமாம் அண்ணாச்சி.”

“இதுக்கு மேல மை ஏத்துனா தாளு தாங்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். அவருட்டச் சொல்லு.”

ஹஸ்னா சொன்னாள். கிழவர் தலையை ஆட்டினார். ஷீட்டை மறுபடி கலர் பார்க்கும் விளக்குப் பெட்டிக்கடியில் இழுத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் எதையும் நேராகப் பார்த்து ஹஸ்னா கண்டதில்லை. நார்வேக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்களோ என்று முதலில் நினைத்தாள். மாரிக்கண்ணன் மட்டும், “கோழி பாக்குற மாதிரில்ல பாக்காரு” என்று ஒருநாள் சொல்லியிருந்தார்.

ஓட்வாருக்கு எழுபத்தோரு வயது. நார்வேயின் வடகரையில் ஒரு தீவில் தனியாக இருந்தார். அப்பா மீனவர். ஐம்பது வருடமாக இவர் வரைந்தது அந்தத் தீவின் ஒரே கரையை. பாறை, கடற்பாசி, மீன் காயப்போடும் மரச்சட்டங்கள், தண்ணீரில் விழும் பனி. எல்லாம் ஒரு சாண் அகலமுள்ள பலகைகளில். அதைவிடப் பெரிதாக வைத்தால் அங்கே காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடுமாம். அந்தப் படங்களையெல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு புத்தகம். அவருடைய மகள் மாரித்தின் சிநேகிதி ஒருத்தி குழந்தைப் புத்தகங்களைச் சிவகாசியில்தான் அச்சடித்து வந்தாள். அந்த வழியில் இந்த ஆர்டர் செய்யது அபுதாஹிரின் அச்சகத்துக்கு வந்தது. ஒவ்வொரு ஃபாரத்தையும், அதாவது பதினாறு பக்கம் கொண்ட ஒவ்வொரு ஷீட்டையும், தானே நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று ஓட்வார் புறப்பட்டு வந்துவிட்டார். ஆறு அசல் படங்களை ஒரு மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். படங்கள் எல்லாம் முன்பே கம்ப்யூட்டரில் வந்திருந்தன.

ஹஸ்னா அந்த அச்சகத்தில் பதினோரு வருடமாகக் கலர் திருத்துகிறாள். பட்டாசு லேபிள் என்றால் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணைப் பறிக்க வேண்டும். காலண்டர் என்றால் சாமியின் கன்னம் பழுக்கக் கூடாது. அவள் வேலை அவ்வளவுதான். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறத்தை இத்தனை கவனமாகக் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது இதுதான் முதல் தடவை. அவள் கடலைப் பார்த்தது தூத்துக்குடியில் இரண்டு முறை. ஓட்வாரின் கடல் அந்தக் கடல் இல்லை. முதலில் வெறும் சாம்பலாகத்தான் தெரிந்தது. அவர் வருவதற்கு முன் ஒரு வாரம் கம்ப்யூட்டரில் அதோடு உட்கார்ந்த பிறகு அதற்குள் ரோஸ் தெரிந்தது, பாசிப்பச்சை தெரிந்தது, அலையின் அடிவயிற்றில் துரு மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அவர் பெட்டியைத் திறந்த முதல் நாளே அவளுடைய ப்ரூஃபை அசலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எது அசல், எது ப்ரூஃப் என்று முதலாளியே தடுமாறினார்.

ஓட்வாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வெளிறியிருக்கிறது என்றார். நீலத்தைக் கூட்டச் சொன்னார். பிறகு பாறையில் சிவப்பைக் கூட்டச் சொன்னார். முதல் மூன்று ஃபாரமும் அவர் சொன்னபடி ஓடி முடிந்திருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய கையெழுத்து சாய்ந்து விழுந்திருந்தது. அடுக்கிவைத்த ஷீட்டுகளை ஹஸ்னா பார்க்காமலே கடந்து போனாள்.

அன்று மத்தியானம், எட்டாவது ஷீட் வருவதற்குள் அவள் பெட்டியிலிருந்து ஒரு அசலை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தாள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்கே புரியும் என்று நினைத்தாள். மாரிக்கண்ணன் புது ஷீட்டைக் கொண்டுவந்து அதனருகே விரித்தார். இருவருக்கும் நடுவில் ஓட்வார் குனிந்தார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷீட்டின் மேல் கையை வைத்து, “இது பரவாயில்லை” என்றார். பிறகு அசலைச் சுட்டினார்.

“இது ரொம்ப மோசம். இதில் ஒன்றுமே இல்லை. செத்துப்போன தண்ணீர். இதைக் கிழித்துப் போடு.”

மாரிக்கண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கிழவர் எதைச் சுட்டினார், எதை ஒதுக்கித் தள்ளினார் என்பது தெரிந்தது. மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“சார்” என்றாள் ஹஸ்னா. “அது ஷீட் இல்லை. அது உங்கள் படம்.”

அவர் கையை நீட்டித் தடவினார். வண்ணம் காய்ந்து திரண்டிருந்த மேடுகளில் விரல் நின்றது. பலகையின் ஓரத்தைப் பிடித்தார். பின்பக்கம் திருப்பி, தான் என்றோ எழுதிய தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்.

பேப்பர் பண்டல் அடுக்கியிருந்த பின்கட்டில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஆங்கிலம் பிறர் மொழிதான் என்பதால் மெதுவாகப் பேசினார்கள்.

“நடுவில் ஒன்றும் இல்லை” என்றார் ஓட்வார். “உன்னை நேராகப் பார்த்தால் நீ இருக்கமாட்டாய். உன் தோளும் முக்காடும்தான் இருக்கும், அதுவும் நிறம் வெளுத்து. இரண்டு கண்ணும் அப்படித்தான். இரண்டு குளிர்காலமாக.”

“மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது சார். நாளைக்கே போகலாம்.”

“மூன்று டாக்டர் பார்த்துவிட்டார்கள். கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். இனி போட வேண்டாம் என்று அவர்களே நிறுத்திவிட்டார்கள்.”

“உங்கள் மகள்?”

“தெரியாது. தெரிந்தால் மறுநாளே வந்து என்னை நகரத்துக்குக் கூட்டிப்போய்விடுவாள். நல்ல பெண். அதனால்தான் பயம்.” அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அதற்குப் பக்கத்தில் எதையோ. “அந்தக் கரையில் எந்தப் பாறைக்குப் பிறகு எந்தப் பாறை என்று என் காலுக்குத் தெரியும். வேறெங்கேயும் எனக்கு ஒன்றும் தெரியாது. நீ யாரிடமும் சொல்லக் கூடாது. உன் முதலாளியிடமும்.”

“சொல்லமாட்டேன்” என்றாள் ஹஸ்னா. “ஆனால் ஓடிய மூன்று ஃபாரத்தையும் திரும்ப ஓட்டிவிடலாம் சார். நான் அசலை வைத்தே செய்கிறேன். நிறம் அளக்கிற மெஷின் இருக்கிறது. துளி மாறாது.”

“அந்தப் புத்தகம் எனக்குத் தெரியாது.”

“ஆனால் அதுதான் சரியான புத்தகம்.”

“இருக்கலாம். நான் அதைத் திறந்தால் அழுக்குத் தாள்தான் இருக்கும். நீ அடித்த நீலம் எனக்குத் தெரிகிறது, ஹஸ்னா. இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் அலை எனக்குத் தெரிந்தது.” அவர் குரல் உயரவில்லை. “எனக்குத் தெரியாத ஒன்றில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

அவள் இன்னும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தாள். மகளுக்காகவாவது, பார்க்கப்போகிற மற்றவர்களுக்காகவாவது என்றாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சுவரைத் தொட்டபடி உள்ளே போய், எட்டாவது ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

“அவரு கண்ணு போயிருச்சுல்ல பாப்பா” என்றார் மாரிக்கண்ணன், கிழவர் போன பிறகு.

“யாருட்டயும் சொல்லாதீக அண்ணாச்சி.”

“நான் யாருட்டச் சொல்லப்போறேன். அவரு ஆசைக்கு அடிச்சுக் குடுத்துருவோம். பாவம், எம்புட்டுத் தொலவுலருந்து வந்திருக்காரு.”

மீதி இரண்டு ஃபாரமும் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடின. கடல் ஓட்டல் சுவரில் மாட்டுகிற கடலாக இருந்தது. பாறைகள் செங்கலாக இருந்தன. ஓட்வார் ஒவ்வொரு ஷீட்டையும் முகத்தோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத் தலையாட்டினார். ஊருக்குப் புறப்பட்ட அன்று ஹஸ்னாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவள் முகத்தைத் தேடி அவருடைய தலை இடமும் வலமும் அசைந்தது. புத்தகங்கள் சித்திரையில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறின.

வைகாசியில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. பகல் பதினொன்றரை மணி. அச்சகத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததும் எல்லாரும் போனை எடுத்தார்கள். மாரிக்கண்ணனும் எடுத்தார். அவர் மனைவி அய்யம்மாள் அந்த ஆலையில்தான் திரி வைக்கும் வேலை பார்த்தாள். நாலு தடவை அடித்தார். எடுக்கவில்லை. மெஷினை ஓடவிட்டபடியே செருப்பில்லாமல் வெளியே ஓடினார். ஹஸ்னாதான் போய் அதை நிறுத்தினாள். எட்டு நாள் கழித்து அய்யம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தாள். மாரிக்கண்ணன் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

ஆனி மாதம் மாரித்திடமிருந்து முதலாளிக்கு மெயில் வந்தது. செய்யது அபுதாஹிர் ஹஸ்னாவைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார்.

புத்தகம் வந்து சேர்ந்ததாம். திறந்து பார்த்ததும் அழுகை வந்ததாம். ‘என் அப்பாவின் வாழ்நாளை நீங்கள் பொம்மைக் கடை விளம்பரமாக ஆக்கிவிட்டீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். தான் கையெழுத்துப் போட்டது இதில் இல்லை, கலர் பார்த்த பெண் பிறகு மாற்றியிருக்கிறாள் என்கிறார். அதற்கு மேல் பேச மறுக்கிறார்.’ இவர்களுக்குக் குழந்தைப் புத்தக ஆர்டர் தருகிற சிநேகிதிக்கும் எழுதியிருப்பதாகக் கடைசியில் இருந்தது.

ஹஸ்னா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கலர் பார்த்த பெண்.

“கையெழுத்துப் போட்ட ஷீட்டெல்லாம் நம்மகிட்ட இருக்கு” என்றார் முதலாளி. “அனுப்புனா, ஏமாத்தி வாங்குனீகன்னு எழுதுவாக. அத விடு. முதல் ப்ரூஃப நான் பாத்தேன்ல. அசல் மாதிரி இருந்துச்சு. அப்புறம் எப்படிம்மா இப்படி ஆச்சு?”

“அவரு கேட்டதத்தான் செஞ்சேன் முதலாளி.”

“தப்பாக் கேட்டாருன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல? சொல்லலியே.”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

“அவரு கேட்டாருங்கிறத வேற யாரு பாத்தா?”

“மாரிக்கண்ணன் அண்ணாச்சி பாத்தாரு.”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “அவர் ஒருதரம் வந்து சொன்னாப் போதும். ரெண்டு பேரு கண்ணால பாத்துருக்காகன்னு நான் அந்தப் புள்ளைக்கு எழுதிருவேன். இந்த நேரத்துல நான் போயி நிக்கது நல்லாருக்காது. நீ போயிட்டு வா.”

மறுநாள் காலை ஹஸ்னா ஆமத்தூருக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கண் விஷயத்தைச் சொல்ல வேண்டாம், அவர் நீலம் கேட்டார் என்பதை மட்டும் சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை.

மாரிக்கண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, “வா பாப்பா” என்று உள்ளே கூப்பிட்டு, தம்பி மனைவியிடம் காப்பி போடச் சொன்னார். அய்யம்மாளின் சேலை ஒன்று கொடியில் இன்னும் கிடந்தது. யாரும் எடுத்திருக்கவில்லை.

காப்பி வந்ததும் அவராகவே சொன்னார்.

“எட்டு நாளும் நெனவோடதான் இருந்தா. மொகம் பூரா துணி. மூணாம் நாள் கண்ணாடி கேட்டா. கண்ணாடியெல்லாம் இங்கன குடுக்கமாட்டாகன்னு சொன்னேன். அப்ப நீயே பாத்துச் சொல்லுன்னா. நல்லாத்தான் இருக்கு, லேசாத் தோலு உரிஞ்சிருக்கு, சரியாப்போகும்னேன். நம்பிட்டா. வீட்டுக்கு வந்ததும் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா.”

ஹஸ்னா காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே மெஷினுக்கு வரமாட்டேன் பாப்பா. முதலாளிட்ட நீயே சொல்லிரு. அவ திரி வச்ச வெடி டப்பால ஒட்டுன லேபிளு நான் அடிச்சது. வீட்டுக்கு வந்தா அதச் சொல்லிச் சிரிப்பா.” அவர் நிறுத்தினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல, “அந்த வெள்ளக்காரரு புக்கு போய்ச் சேந்துச்சா? எப்படி இருக்குன்னாரு?”

“சேந்துருச்சு அண்ணாச்சி. நல்லா இருக்குன்னு எழுதிருக்காக.”

“நல்லதாப் போச்சு” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஓட்வார் மேல் கோபம் வந்தது. கையைப் பிடித்து நன்றி சொன்ன மனிதர் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டார். ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் அப்பாவுக்குக் கண் தெரியாது, டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பாருங்கள். அவர் மறுநாளே தன் கரையை இழப்பார். அந்த வரியை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். திருத்தங்கல் வந்தபோது கோபம் வடிந்துவிட்டது. தியாகம் என்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. யாரிடமும் எதையும் நிரூபிக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அச்சகத்துக்குப் போய், “அண்ணாச்சி வரமாட்டாராம் முதலாளி. தப்பு என்னுதுதான்” என்றாள்.

செய்யது அபுதாஹிர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நெசமாத்தான் சொல்றியா?”

“நெசந்தான்.”

அவர் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வேறு எதைச் சொல்லி அந்த மகளுக்குப் பதில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஹஸ்னாவே எழுதினாள். ‘உங்கள் தந்தை சரியாகத்தான் சொன்னார். நிறம் மாறியது என் கவனக்குறைவு. மன்னிக்க வேண்டும்.’ முதலாளி அதை வாசித்துவிட்டு அனுப்பினார். குழந்தைப் புத்தக ஆர்டர் எப்படியும் போய்விட்டது. கலர் வேலையிலிருந்து அவளை மாற்றி எண்ணிக்கைப் பிரிவில் உட்காரவைத்தார்கள். பதினோரு வருடம் பார்த்த ஸ்க்ரீனில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைக் கடந்து போக வேண்டியிருந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவளே நின்றுகொண்டாள்.

“செய்யாத தப்ப ஏன் செஞ்சேன்னு எழுதிக் குடுத்த?” என்று அவள் அம்மா அக்தர் பேகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். விஷயம் ஊருக்குள் பரவியிருந்ததால் வேறு பெரிய அச்சகம் எதுவும் கலர் வேலை தரவில்லை. சாத்தூரில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் சின்ன இடத்தில் வேலை கிடைத்தது. சிவப்பும் மஞ்சளும்தான். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் மாரித்திடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. முதலாளியிடம் கேட்டு ஹஸ்னாவின் மெயில் முகவரிக்கே அனுப்பியிருந்தாள்.

‘ஆகஸ்டில் அப்பா படகுத் துறையிலிருந்து பாறையில் விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. எத்தனை மணி நேரம் அங்கேயே கிடந்தார் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அவர் கண்ணைப் பற்றிச் சொன்னார்கள். இப்போது நகரத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இனி நடக்கமாட்டார். அவருடைய அறையிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரியாது. நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். உங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அப்பாவைப் பார்க்க டிக்கெட்கூடப் பதிவு செய்திருந்தேன். நீங்கள் உங்கள் தவறு என்று எழுதியதும் சந்தேகம் போய்விட்டது. டிக்கெட்டை ரத்து செய்தேன். தெரிந்திருந்தும் ஏன் அப்படி எழுதினீர்கள்?’

சாத்தூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஹஸ்னா அதைப் படித்தாள். வண்டி வந்து போனது. அவள் ஏறவில்லை. பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். பின்கட்டில் அவர் சொன்னதையெல்லாம் எழுதினாள். மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போனதை எழுதினாள். படித்துப் பார்த்தபோது எல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாகப் பட்டது. முழுக்க அழித்துவிட்டு, ‘அவர் சொல்ல வேண்டாம் என்றார்’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

பதில் வரவில்லை. கொஞ்ச நாள் தினமும் போனைத் திறந்து பார்த்தாள். மார்கழிக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.